ஒரு மணி நேர ஃப்ளைட், ஏழு மணி நேர நாள்

1/
"ஒரு மணி நேரம்தானே டாக்டர், ஃப்ளைட்ல கூட்டிட்டுப் போயிடலாம்ல?"

இப்போதெல்லாம் மருத்துவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. அம்மாவுக்கு சென்னையில் ஆபரேஷன் முடிந்து மதுரை திரும்ப வேண்டும். அப்பாவைக் கோயம்புத்தூரில் இருந்து சென்னைக்கு செக்கப் கூட்டி வர வேண்டும். பட்ஜெட் விமானத்தில் ஆஃபர் போட்டிருக்கிறான், மகன் அமெரிக்காவில் இருந்தே டிக்கெட் போட்டுவிட்டான்.

போகலாமா, வேண்டாமா? இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2/
என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலிவு விலை விமானம் நோயாளிகளுக்குக் கெட்டது அல்ல. பல பேருக்கு அது நல்லது. பிரச்சனை "ஒரு மணி நேரம்தானே" என்ற அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காக மாத்திரையை விடுகிறோம், தண்ணீரை விடுகிறோம், வீல்சேர் வேண்டாம் என்கிறோம், நோயை மறைக்கிறோம். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். உடம்புக்கு அது ஒரு முழு நாள் வேலை.

3/
கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

2003இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கும் வரை நம்மூர் நடுத்தரக் குடும்பத்துக்கு விமானம் என்பது மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற விஷயம். "சூரரைப் போற்று" படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். அதற்குப் பிறகு மற்ற பட்ஜெட் நிறுவனங்கள் வந்தன. 2016இல் மத்திய அரசின் உடான் திட்டம் வந்தது. சின்ன ஊர்களுக்கும் விமானம் வந்தது.

இதனால் நடந்த மாற்றத்தை நாம் சரியாகக் கவனிக்கவில்லை. முன்பு விமானத்தில் பெரும்பாலும் போனவர்கள் அதிகாரிகள், வியாபாரிகள். இன்று போகிறவர்களில் 70 வயதுப் பாட்டி இருக்கிறார். ஸ்டென்ட் வைத்த அப்பா இருக்கிறார். டயாலிசிஸ் செய்துகொள்கிற அண்ணன் இருக்கிறார். ஏறுகிற உடம்பு மாறிவிட்டது. நம் பழக்கங்கள் மாறவில்லை.

4/
முதலில் நல்ல செய்தி.

முழங்கால் வலியில் இருக்கும் ஒரு அம்மாவை ஆம்னி பஸ்ஸில் எட்டு, ஒன்பது மணி நேரம் உட்கார வைப்பதைவிட ஒரு மணி நேர விமானம் எவ்வளவோ மேல்.

உலக சுகாதார நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று அது சொன்னது. கவனியுங்கள், அது விமானத்துக்கு மட்டும் சொன்னதல்ல. பஸ், கார், ரயில் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அந்த வகையில் பார்த்தால் சென்னை-மதுரை காரில் போவதைவிட விமானம் பாதுகாப்பு. அதனால் "நோயாளின்னா ஃப்ளைட்டே கூடாது" என்று பயமுறுத்துகிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

5/
இப்போது கணக்குப் போடுவோம்.

காலை 6 மணி ஃப்ளைட். அதுதான் விலை குறைவு, அதனால்தான் அதை எடுத்தீர்கள். அப்படியானால் இரவு இரண்டரைக்கு எழ வேண்டும். மூன்றரைக்கு கேப். நாலரைக்கு ஏர்போர்ட். பல நிறுவனங்கள் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே செக்-இன் கவுன்டரை மூடிவிடும். பிறகு செக்யூரிட்டி வரிசை. பிறகு கேட் வரை நடை. பிறகு பஸ். அதில் நின்றுகொண்டே போக வேண்டும். பிறகு ஏணிப் படி. ஏழு மணிக்கு இறங்கி, பெட்டி வந்து, டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போகும்போது ஒன்பதை நெருங்கிவிடும்.

இரண்டரையில் இருந்து ஒன்பது வரை. ஏறக்குறைய ஏழு மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது ஒரு மணி நேரம். மிச்சம் ஆறு மணி நேரம்தான் பெரும்பாலானவர்களைப் படுத்துகிறது.

6/
அந்த ஆறு மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

தூக்கம் இல்லை. "வெறும் வயித்துல எப்படி மாத்திரை போடறது"ன்னு பி.பி. மாத்திரை போடவில்லை. இன்னொருவர் அதற்கு நேர் எதிர். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டார், ஆனால் சாப்பிடவில்லை. "நடுவுல பாத்ரூம் வந்தா என்ன பண்றது"ன்னு ஒரு மடக்கு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்படியே வரிசையில் நின்றாயிற்று.

இதன் முடிவு என்ன? மயக்கம்.

7/
இதை நானாகச் சொல்லவில்லை. விமானத்தில் ஏற்பட்ட ஏறக்குறைய 12 ஆயிரம் மருத்துவ அவசரங்களை அலசிய ஆய்வு ஒன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2013இல் வந்தது. அதில் முதல் இடம் மாரடைப்புக்கு இல்லை. மயக்கமும் மயக்கம் வருவது போன்ற நிலையும்தான் முதலிடம், 37 சதவீதம். மூச்சுப் பிரச்சனைகள் 12 சதவீதம்.

அதாவது மூன்றில் ஒன்றுக்கு மேல் மயக்கம். மயக்கத்துக்கு எல்லா நேரமும் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தூக்கமின்மை, பசி, தண்ணீர் குடிக்காமை, நெடுநேரம் நிற்பது என்று கண் முன்னாலேயே இருக்கும். இவை நான்கையும் வீட்டிலேயே தடுக்கலாம். பைசா செலவு இல்லை.

8/
என்ன செய்யலாம்?

பி.பி., இதய மாத்திரைகளை வழக்கமான நேரத்தில் போடுங்கள். பயண நாள் விடுமுறை நாள் இல்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரே விதி: சாப்பாடு கையில் வந்த பிறகுதான் இன்சுலின். "ஏர்போர்ட்ல சாப்பிட்டுக்கலாம்"னு வீட்டில் ஊசி போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். ஏர்போர்ட்டில் வரிசை நீளமாக இருக்கும், கடையில் விலை பார்த்து வேண்டாம் என்பீர்கள், ஃப்ளைட் தாமதமாகும். அதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். ஒரு டப்பாவில் இரண்டு இட்லி கட்டிக்கொண்டு போங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சட்டைப்பையில் நான்கு மிட்டாய் அல்லது ஒரு குளுக்கோஸ் பாக்கெட் கட்டாயம்.

காலி பாட்டில் ஒன்று கொண்டுபோய் செக்யூரிட்டி தாண்டியதும் நிரப்பிக்கொள்ளுங்கள். விமானத்துக்குள்ளும் கேட்டால் தண்ணீர் தருவார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

9/
பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்.

பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் அம்மாக்களும் அக்காக்களும் பஸ் பயணத்தில் வாழ்நாள் முழுக்கப் பழகிய பழக்கம். அது அவர்கள் தப்பு இல்லை. நம் பஸ் ஸ்டாண்டுகளின் லட்சணம் அப்படி. ஆனால் ஏர்போர்ட்டில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது. விமானத்துக்குள்ளும் இருக்கிறது. முதல் தடவை போகிற அம்மாவிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கே இருக்கிறது, கதவை எப்படித் திறப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் கேட்க மாட்டார். குடிக்கவும் மாட்டார்.

நீர் மாத்திரை எடுக்கும் இதய நோயாளிகள் அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். பயண நாளில் எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு நிமிட போன் விஷயம்.

10/
சரி, இப்போது வானத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வருவோம்.

விமானத்துக்குள் காற்றழுத்தத்தை செயற்கையாக ஏற்றி வைக்கிறார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு இல்லை. அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமான அழுத்தம் வரை போகலாம். ஊட்டி ஏறக்குறைய 7,300 அடி. அதனால் எளிமையாக இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: சென்னையில் இருப்பவரை இருபது நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போய் ஊட்டியில் உட்கார வைத்து, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கீழே இறக்குகிறோம்.

குறைந்த தூரப் பயணத்தில் அவ்வளவு உயரம் போகாமலும் இருக்கலாம். ஆனால் நோயாளிக்குத் திட்டமிடும்போது "ஊட்டி" என்றே வைத்துக்கொள்வது நல்லது.

ஊட்டிக்குப் போனால் உங்கள் அப்பாவுக்கு மூச்சு வாங்குமா? வாங்கும் என்றால், விமானம் ஏறும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதுதான் என் எளிய சோதனை.

11/
ஆரோக்கியமானவருக்குத் தரையில் ஆக்சிஜன் அளவு 97, 98 இருக்கும். விமானத்தில் அது 92, 93க்கு இறங்கலாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. மொபைல் பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

தரையிலேயே 92, 93 இருக்கும் நாட்பட்ட நுரையீரல் நோயாளிக்கு? அவர் 80களுக்கு இறங்கலாம். தரையிலேயே 92க்குக் கீழே இருப்பவருக்கு விமானத்தில் ஆக்சிஜன் தேவைப்படும் என்பது நுரையீரல் மருத்துவத்தில் நெடுநாளாக உள்ள நடைமுறை. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பீரோவில் தூங்கும். எடுத்து ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

இன்னொரு பழைய சோதனை: சாதாரண வேகத்தில் 50 மீட்டர் நடந்து, அல்லது ஒரு மாடி ஏறி, மூச்சு வாங்காமல், நெஞ்சு அடைக்காமல் இருக்கிறதா? முடியவில்லை என்றால் டிக்கெட் போடும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டு ஆக்சிஜன் சிலிண்டரைக் கையில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. அனுமதிக்கப்பட்ட கான்சென்ட்ரேட்டர் கருவியா, முன்கூட்டியே சொல்ல வேண்டுமா என்பதை நிறுவனத்திடம் முதலிலேயே பேசியாக வேண்டும்.

12/
அடுத்தது காற்று விரியும் விஷயம். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை.

அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். பள்ளியில் படித்த பாயில் விதிதான். அந்த உயரத்தில் உடம்புக்குள் அடைபட்ட காற்று ஏறக்குறைய 30 சதவீதம் விரியும். சிப்ஸ் பாக்கெட் விமானத்தில் உப்பிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான்.

வயிற்றில் வாயு என்றால் உப்புசம், அவ்வளவுதான். ஆனால் விழித்திரை ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குக் கண்ணுக்குள் வாயு நிரப்பி அனுப்புவார்கள். அந்த வாயு விரிந்தால் கண் அழுத்தம் தாறுமாறாக ஏறி நிரந்தரமாகப் பார்வை போகலாம். வாயு முழுதாகக் கரையும் வரை விமானம் கூடவே கூடாது. எந்த வாயு என்பதைப் பொறுத்து அது சில வாரங்கள் ஆகலாம். ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையும் கூடாது.

சென்னை, மதுரை, கோவைக்குக் கண் சிகிச்சைக்காக வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். "கண் ஆபரேஷன்தானே"ன்னு அவர்கள் நினைக்கக்கூடும். சாதாரண கண்புரை ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஒரு நாளில் பறக்கலாம். விழித்திரை ஆபரேஷன் என்றால் "கண்ணுக்குள்ள கேஸ் வச்சிருக்கீங்களா?"ன்னு டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேளுங்கள். பார்வையைக் காப்பாற்றும் கேள்வி அது.

13/
மற்ற ஆபரேஷன்களுக்குப் பொதுவாக:

லேப்ராஸ்கோப்பி என்றால் நான்கைந்து நாள். வயிற்றைத் திறந்து செய்த பெரிய ஆபரேஷன் என்றால் பத்து நாள். பைபாஸ் என்றால் குறைந்தது பத்து நாள். எலும்பு முறிவுக்கு முழு மாவுக்கட்டு போட்டிருந்தால், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான பயணத்துக்கு 24 மணி நேரம் கழிய வேண்டும், நீண்ட பயணத்துக்கு 48 மணி நேரம். உள்ளே கை, கால் வீங்கினால் கட்டு இறுக்கிவிடும் என்பதால்தான் இது.

மாரடைப்புக்குப் பிறகு ஆபத்து குறைந்தவர்கள் சில நாளில் பறக்கலாம். இதயம் பலவீனமானவர்கள் பத்து நாளோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால் அது முழுக்கச் சரியாகும் வரை கூடாது.

இவை பொதுவான கணக்கு. உங்கள் கணக்கை உங்களுக்கு ஆபரேஷன் செய்தவர்தான் சொல்ல வேண்டும். இந்தப் பதிவைக் காட்டி அவரோடு வாதாட வேண்டாம்.

14/
குழந்தைகளுக்கு.

விமானம் இறங்கும்போதுதான் காது வலிக்கும். ஏறும்போது அவ்வளவாக இருக்காது. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் சின்னக் குழாய் இறங்கும்போது சுலபத்தில் திறக்காது. சளி பிடித்திருந்தால் இன்னும் மோசம். குழந்தை நன்றாகத் தூங்குகிறதே என்று விட்டுவிடாமல், இறங்க ஆரம்பித்ததும் எழுப்பித் தாய்ப்பாலோ தண்ணீரோ கொடுங்கள். விழுங்கும்போது குழாய் திறக்கும். பெரிய பிள்ளைகளுக்கு மிட்டாய் போதும்.

பக்கத்து சீட்டில் குழந்தை அழுதால் முறைக்காதீர்கள். அதற்குக் காது வலிக்கிறது. சொல்லத் தெரியவில்லை.

15/
அந்தமான் போகிறவர்களுக்கு.

சென்னையில் இருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது பழைய போர்ட் பிளேருக்கு, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். இளைஞர்கள் கூட்டமாகப் போய் ஸ்கூபா டைவிங் செய்கிறார்கள். நல்லது. ஆனால் கடைசி நாள் காலையில் டைவ், மதியம் ஃப்ளைட் என்று திட்டம் போடாதீர்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் விமானத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாக மாறி மூட்டு, மூளை, முதுகுத்தண்டு வரை பாதிக்கலாம். கடைசி டைவுக்குப் பிறகு 24 மணி நேரம் விட்டுவிட்டு ஏறுங்கள். டைவிங்கை முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள், கடைசி நாளில் கடற்கரையில் உட்காருங்கள்.

16/
கர்ப்பிணிகளுக்கு.

சிக்கல் இல்லாத ஒற்றைக் குழந்தைக் கர்ப்பம் என்றால் ஒரு மணி நேர விமானம் பொதுவாகப் பாதுகாப்பானதே. எட்டாவது மாதத்தில் இருந்து நிறுவனங்கள் மருத்துவரின் சான்றிதழ் கேட்கும். 36 வாரம் தாண்டினால் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறுபடும், டிக்கெட் போடும்போதே பாருங்கள். பெல்ட்டை வயிற்றுக்கு மேலே போடாமல் கீழே, தொடையை ஒட்டிப் போடுங்கள்.

17/
பெட்டி விஷயம்.

பட்ஜெட் விமானத்தில் கைப்பை 7 கிலோ. அதற்குள் புடவை, முறுக்கு எல்லாம் வைத்துவிட்டு மருந்துப் பையைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறோம். தயவுசெய்து மாற்றுங்கள். முறுக்கு கீழே போகட்டும், மருந்து மேலே வரட்டும்.

இன்சுலின் சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் வீணாகிவிடும். பெட்டி வராமல் போனால் இரண்டு நாள் மாத்திரை இல்லை. இன்ஹேலர், நைட்ரேட் மாத்திரை, வலிப்பு மாத்திரை எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மேலே ரேக்கில் வேண்டாம், சீட்டுக்கு அடியில் வையுங்கள். மருந்துச்சீட்டையும் கடைசி ஈ.சி.ஜி.யையும் மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அட்டையைக் காட்டி செக்யூரிட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

18/
இப்போது சிலருக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வருகிறேன்.

"ஃபிட் டு ஃப்ளை" சான்றிதழ்.

"டாக்டர், ஒரு சர்டிஃபிகேட் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. நாளைக்கு ஃப்ளைட்." நோயாளியைப் பார்த்து ஆறு மாதம் ஆகியிருக்கும். இல்லை, பார்த்ததே இருக்காது.

அப்படிக் கொடுப்பது தவறு, கேட்பதும் தவறு. அந்தக் காகிதம் கேட்டில் நிற்பவரை சமாளிப்பதற்கு இல்லை. ஒரு மருத்துவர் நோயாளியை உட்கார வைத்து, நாடி பார்த்து, ஆக்சிஜன் பார்த்து, "இவர் ஊட்டி வரை போய் வரலாம்" என்று கையெழுத்துப் போடுவது. பார்க்காமல் போட்ட கையெழுத்து வானத்தில் யாருக்கும் உதவாது. முடியாது என்று சொல்லும் மருத்துவர் உங்களுக்கு எதிரி இல்லை. அவரைத் திட்டிவிட்டு அடுத்த தெரு கிளினிக்குக்குப் போகாதீர்கள்.

19/
ஏன் மறைக்கிறோம்?

"சொன்னா ஏத்த மாட்டாங்க டாக்டர்." இந்தப் பயம் முழுக்கப் பொய் இல்லை. நிலைமை மோசம் என்று தெரிந்தால் ஏற்ற மறுக்க நிறுவனத்துக்கும் விமானிக்கும் உரிமை உண்டு. டிக்கெட் காசு போகும் என்ற கவலையும் நியாயம்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். விமானத்துக்குள் என்ன இருக்கிறது? முதலுதவிப் பெட்டி, மருத்துவர் இருந்தால் பயன்படுத்த ஒரு மருந்துப் பெட்டி, கொஞ்சம் ஆக்சிஜன், பயிற்சி பெற்ற பணிப்பெண்கள். ஈ.சி.ஜி. இல்லை, ஐசியு இல்லை. நான் சொன்ன அந்த ஆய்வில் ஏறக்குறைய பாதி சம்பவங்களில்தான் பயணிகளில் ஒரு மருத்துவர் இருந்து உதவினார். 7 சதவீதத்தில் விமானத்தையே வேறு ஊருக்குத் திருப்பினார்கள்.

தரையில் ஏற்ற மறுத்தால் வெளியே வந்து ஆம்புலன்ஸ் கூப்பிடலாம். மறைத்து ஏறினால் அந்த வழி அடைபட்டுவிடும். ஏற்ற மறுப்பது அவமானம் இல்லை. பல நேரம் அதுதான் முதல் சிகிச்சை.

20/
விமானத்தில் பக்கத்தில் ஒருவர் மயங்கினால்:

உட்கார்ந்த நிலையிலேயே பிடித்து நிறுத்தி வைக்காதீர்கள். படுக்க வையுங்கள், காலைத் தூக்குங்கள். கூட்டம் போடாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பணிப்பெண்ணைக் கூப்பிடும் பட்டனை அழுத்துங்கள். நினைவு திரும்பி விழுங்க முடிகிற, சர்க்கரை நோயாளி என்று தெரிந்தவருக்கு இனிப்பு கொடுங்கள். நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல் இருந்தால் "இறங்கிப் பார்த்துக்கலாம்"னு இருக்காதீர்கள். உடனே சொல்லுங்கள். சொன்னால் இறங்கும் இடத்தில் ஆம்புலன்ஸைத் தயாராக நிறுத்துவார்கள்.

21/
வீல்சேர்.

"எனக்கென்ன, நடக்க முடியாதா?" என்று அப்பா கோபப்படுவார். நடக்க முடியும் அப்பா. ஆனால் பார்க்கிங்கில் இருந்து கேட் வரை, அப்புறம் பஸ், அப்புறம் ஏணி. கோயில் திருவிழாக் கூட்டத்தில் நடப்பது மாதிரி. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவருக்கு வீல்சேர் ஒரு மருந்து. டிக்கெட் போடும்போதே கேளுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வரிசையைத் தாண்டுவதற்காகவே நல்ல உடம்போடு வீல்சேர் போடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் 80 வயதுப் பெரியவர் ஒருவர் வெளிநாட்டில் இருந்து மனைவியோடு வந்து இறங்கினார். இருவரும் வீல்சேர் பதிவு செய்திருந்தார்கள். கிடைத்தது ஒன்று. மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டு அவர் கூடவே நடந்தார். வழியில் விழுந்து இறந்துபோனார். அந்த விமான நிறுவனத்துக்கு டிஜிசிஏ 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

போதுமான வீல்சேர் வைப்பது நிறுவனத்தின் கடமை. தேவையில்லாமல் ஒன்றை எடுக்காமல் இருப்பது நம் கடமை.

22/
நிறுவனங்களிடமும் அரசிடமும் எனக்குச் சில கேள்விகள் உண்டு.

சென்னையில் இருந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போகிற விமானத்தில், உயிர்காக்கும் அறிவிப்பை ஏன் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் சொல்ல வேண்டும்? எப்போதாவது ஒரு விமானி தமிழில் பேசினால் அந்த வீடியோ வைரல் ஆகிறது. ஏன் வைரல் ஆகிறது? அது அபூர்வம் என்பதால்தான். இதை மொழிப்பற்று என்று பார்க்காதீர்கள், பாதுகாப்பு என்று பாருங்கள். ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் என்ன செய்வது என்று பாட்டிக்குப் புரியாவிட்டால், அந்த அறிவிப்பு அவருக்குச் செய்யப்படவே இல்லை. பதிவு செய்த குரல் போதும். மூன்று நிமிடம் ஆகாது.

அதேபோல் நோயாளிகளுக்கான மருத்துவப் படிவம். இணையதளத்தில் ஏழு கிளிக் தாண்டி ஆங்கிலத்தில் ஒளிந்திருந்தால் மக்கள் மறைக்காமல் என்ன செய்வார்கள்? டிக்கெட் போடும் பக்கத்திலேயே, தமிழில் இருக்கட்டும். "உங்கள் உடல்நிலை பற்றிச் சொல்லுங்கள், உதவுகிறோம்" என்று கேளுங்கள். "சொன்னால் ஏற்ற மாட்டோம்" என்கிற தொனியில் கேட்காதீர்கள்.

23/
தாமதம் பற்றி ஒரு உரிமை.

இரண்டரை மணி நேரம் வரையிலான உள்நாட்டுப் பயணத்தில், விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் காத்திருக்கும் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. பட்ஜெட் நிறுவனம் என்பதால் விலக்கு இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு இது சலுகை இல்லை, சிகிச்சை. கவுன்டரில் போய்க் கேளுங்கள். சண்டை வேண்டாம், ஆனால் கேளுங்கள்.

காசு குறைவாகக் கொடுத்தால் காலை நீட்ட இடம் குறையலாம், சாப்பாடு விலைக்கு வாங்க வேண்டியிருக்கலாம். அதை ஒப்புக்கொண்டுதான் ஏறுகிறோம். பாதுகாப்பும் மரியாதையும் டிக்கெட் விலையில் குறையக்கூடாது.

24/
கடைசியாக, இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுங்கள்.

பறக்கும் முன் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டியவர்கள்: ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது ஆபரேஷன் ஆனவர்கள். ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குபவர்கள். ஆக்சிஜன் 95க்குக் கீழே இருப்பவர்கள். கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள். அடிக்கடி வலிப்பு வருபவர்கள். கண்ணுக்குள் வாயு வைத்தவர்கள். எட்டு மாதம் தாண்டிய கர்ப்பிணிகள்.

மற்றவர்கள்: மாத்திரை போடுங்கள், சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மருந்தைக் கையில் வையுங்கள், முடிந்தால் காலை 6 மணி ஃப்ளைட்டை விட்டு 10 மணி ஃப்ளைட்டை எடுங்கள். ஐநூறு, ஆயிரம் கூட ஆகலாம். பெரியவர்களின் ஒரு இரவுத் தூக்கத்துக்கு அந்த விலை தகும்.

25/
ஆயுள் முழுக்கப் பஸ்ஸிலும் பாசஞ்சர் ரயிலிலும் நின்றுகொண்டே போன நம் அப்பா அம்மாக்கள் இன்று ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து மேகம் பார்க்கிறார்கள். மலிவு டிக்கெட் நமக்குக் கொடுத்த மிக அழகான விஷயம் இது. அவர்களைக் கூட்டிப் போங்கள், கட்டாயம் கூட்டிப் போங்கள்.

டிக்கெட் போடும் ஐந்து நிமிடத்தோடு இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்து, "மாத்திரை என்ன, நடை எப்படி, மூச்சு எப்படி?"ன்னு கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

சந்தேகங்களைக் கமெண்டில் கேளுங்கள். நேரம் கிடைக்கும்போது பதில் சொல்கிறேன்.